பவர் பிரஸ்ஸில் விரல் போனபின்: இ.எஸ்.ஐ.யா, இழப்பீட்டுச் சட்டமா? ஒரு நிகழ்வு ஆய்வு

கோவை மாவட்டத்தில் ஒரு தொழிற்சங்கத்தின் சட்ட உதவி மேசைக்கு 2022-ல் வந்து, 2025-ல் பெரும்பகுதி முடிந்த வழக்கு இது. தொழிலாளி, முதலாளி, மருத்துவமனை, ஊர் என எதன் பெயரும் இங்கே இல்லை. ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை விட்டும் மாற்றியும் எழுதியிருக்கிறோம்.

வேலையிடத்தில் அடிபட்டவரின் குடும்பம் முதலில் கேட்பது "எவ்வளவு கிடைக்கும்?" என்றுதான். இந்த வழக்கில் அதற்கு முன்னால் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது: எந்தச் சட்டத்தின் கீழ் கேட்பது, இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் கீழா, முதலாளியிடமே கேட்கும் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழா? தொகை, சாட்சி, முதலாளியின் தற்காப்பு எல்லாமே அதைப் பொறுத்துத்தான் மாறின.

பின்னணி

தொழிலாளிக்கு அப்போது 31 வயது. பம்பு மோட்டாருக்கான தகட்டு உதிரிகளை அடித்துக் கொடுக்கும் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் இரண்டு வருடத்துக்கு மேல் ஆபரேட்டராக இருந்தார். மனைவி, பள்ளிக்குப் போகும் ஒரு மகள், கூடவே அவருடைய அம்மா. சம்பளம் மாதம் 17,500 ரூபாய், ரொக்கமாக. பே ஸ்லிப் இல்லை, பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. நடுவில் அவசரத்துக்கு அட்வான்ஸ் கேட்டால் மட்டும் ஓனர் ஜிபே-யில் போட்டுவிடுவார்.

ஒரே ஷெட்டுக்கு இரண்டு பெயர்ப் பலகைகள். ஒன்று ஓனர் பெயரில், மற்றது அவர் மனைவி பெயரில். மின் இணைப்பு ஒன்று, மெஷின்கள் பொது, ஆட்களும் பொது. கணக்கில் மட்டும் ஒரு நிறுவனத்தில் ஆறு பேர், இன்னொன்றில் ஐந்து பேர். காரணம் ஊரறிந்தது. அப்போதைய சட்டப்படி பத்து பேர் சேர்ந்தால் தொழிற்சாலைச் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் உள்ளே வந்துவிடும்.

விபத்தும் அதற்கு அடுத்த சில நாட்களும்

2022 ஜூன் மாதம், இரவு ஷிப்ட். காலால் பெடலை மிதித்து ஓட்டும் பழைய பிரஸ். டையில் (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சில்) மாட்டிக்கொண்ட பீஸை விரலால் எடுக்கப் போனபோது, மேலிருந்து அடிக்கும் ராம் இறங்கிவிட்டது. வலது கையில் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றும் அடியோடு போயின. பெருவிரலின் அடியில் சதை கிழிந்து தையல் போட்டார்கள்.

கை உள்ளே போகாமல் தடுக்க டைக்கு முன்னால் இருக்க வேண்டிய கார்டு (பாதுகாப்புத் தடுப்பு), விபத்துக்குப் பல மாதம் முன்பே கழற்றி, பைண்டிங் கம்பியால் மெஷினின் பக்கவாட்டில் கட்டப்பட்டிருந்தது. கார்டு இருந்தால் மணிக்கு அடிக்கும் பீஸ் குறைகிறது என்பதால் எல்லா மெஷினிலும் அப்படித்தான்.

சூப்பர்வைசர் அவரை ஓனரின் காரில் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். கேஷுவாலிட்டியில் "எப்படி ஆச்சு?" என்று கேட்டதற்குப் பதில் சொன்னவரும் அவரே. விபத்துப் பதிவேட்டில் ஏறியது இது: வீட்டில் மெஷின் பழுது பார்க்கும்போது கை மாட்டிக்கொண்டது. தொழிலாளி அப்போது பேசும் நிலையில் இல்லை.

மறுநாள் காலை ஓனர் தன் ஆடிட்டரைப் பிடித்து, இ.எஸ்.ஐ. இணையதளத்தில் தொழிலாளியின் பெயரைப் பதிவு செய்து காப்பீட்டு எண் வாங்கிவிட்டார். சம்பளம் 9,000 என்றும், வேலையில் சேர்ந்த தேதி விபத்து நடந்த நாள் என்றும் போட்டிருந்தது. ஆனால் விபத்து நடந்ததாக இ.எஸ்.ஐ.க்கு முதலாளி அனுப்ப வேண்டிய அறிக்கை போகவில்லை. ஒருபக்கம் வீட்டில் நடந்ததாக மருத்துவமனையில் பதிவு, இன்னொரு பக்கம் தன் ஆள் என்று காப்பீட்டில் பதிவு. அவசரத்தில் செய்த இந்த இரண்டும் ஒன்றையொன்று வெட்டின.

மூன்றாவது வாரம் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். "அம்மிணி, கேஸு கீஸுன்னு போனீங்கன்னா வருசக்கணக்குல இழுக்குமுங்க. பேசி முடிச்சுக்கலாம்" என்று மனைவியிடம் சொல்லி 50,000 ரூபாய் கொடுத்தார். வாங்கியதற்கு முத்திரைத்தாளில் ஒப்புதல் கேட்டார். தொழிலாளி பத்தாவது வரை படித்தவர், கையெழுத்துப் போடுபவர். வலது கையில் கட்டு இருந்ததால் இடது பெருவிரல் ரேகை எடுத்துக்கொண்டார்கள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் வாசித்துக் காட்டவில்லை.

எங்களிடம் வந்தபோது கையில் இருந்தவை

ஆகஸ்ட் மாதம் மனைவியும் தொழிலாளியின் அண்ணனும் வந்தார்கள். கேட்டது ஒன்றே ஒன்று: "மொத்தமா ஒரு தொகை வாங்கிக் குடுங்க. நகையெல்லாம் அடகுல இருக்கு."

அவர்களிடம் இருந்த காகிதங்களில் விபத்துப் பதிவேட்டின் நகல் எங்களுக்குப் பாதகம். டிஸ்சார்ஜ் சுருக்கமும் அதையே திருப்பிச் சொன்னது. முழுக் கேஸ் ஷீட்டையும் எழுத்து மூலம் கேட்டு வாங்கியபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அறுவை சிகிச்சைக் குறிப்பை எழுதிய மருத்துவர், நோயாளியிடமே கேட்டு, "பிரஸ் மெஷினில் நசுங்கித் துண்டான காயம்" என்று எழுதியிருந்தார். மூன்று விரல்களும் ஒரே நேர்கோட்டில் வெட்டுப்பட்டதையும் குறித்திருந்தார். வீட்டில் பழுது பார்க்கிற எந்த மெஷினும் அப்படி வெட்டாது. கேஷுவாலிட்டியில் எழுதுவது கூட வந்தவர் சொல்வதை வைத்து, அறுவை அரங்கில் எழுதுவது காயத்தைப் பார்த்து. இரண்டு காகிதமும் முரண்படும்போது இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லலாம். ஆனால் அதற்கு முழுக் கேஸ் ஷீட்டும் கையில் வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு நின்றுவிடுகின்றன.

அப்புறம் செல்போன். கூட வேலை பார்த்த இருவர் அனுப்பிய படங்களில் கார்டு இல்லாத மெஷின்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு படத்தில் ஷிப்ட் ஆட்களின் பெயர்ப் பட்டியல் எழுதிய பலகை, அதில் 13 பெயர்கள். தொழிலாளியின் போனில் ஒன்றரை வருடத்து ஜிபே அட்வான்ஸ்கள், ஓனரின் சொந்த எண்ணிலிருந்து. "விபத்து நடந்த அன்றுதான் சேர்ந்தார்" என்று யாரும் சொல்ல முடியாதபடி இவை போதுமானவையாக இருந்தன.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து முதலில் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது, பிறகு முதல் தகவல் அறிக்கை வாங்கினோம். அப்போது நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 287, 338 பிரிவுகள்: இயந்திரத்தைக் கவனக்குறைவாக வைத்திருந்தது, கவனக்குறைவால் கொடுங்காயம் ஏற்படுத்தியது. குற்ற வழக்கால் தொழிலாளிக்குப் பணம் வராது. காவல்துறை இடத்தைப் பார்த்து எழுதும் மகஜர் வரும், அதற்காகத்தான் போனோம்.

எந்தச் சட்டம்?

இந்தக் கட்டத்தில் குடும்பத்துக்கும் எங்களுக்கும் நீண்ட பேச்சு நடந்தது. அப்போது நடைமுறையில் இருந்த சட்டங்களில் வழிகள் இப்படி இருந்தன.

ஒன்று, பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923. மாவட்டத்தில் தொழிலாளர் துணை ஆணையரே இதற்கான ஆணையர். நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுக்கும் உச்ச வரம்பு 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய். 31 வயதுக்குக் காரணி 205.95. ஆக முழு ஊனமென்றால் 18,53,550 ரூபாய். பகுதி ஊனமென்றால் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனதோ அத்தனை சதவீதம். ஒரு கையில் மூன்று விரல்கள் போனதற்குச் சட்ட அட்டவணை 30 சதவீதம் என்கிறது, அதாவது 5,56,065 ரூபாய். தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, நியாயமில்லாத தாமதமென்றால் 50 சதவீதம் வரை அபராதம். கேட்கக் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது.

இரண்டு, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், 1948, அதாவது இ.எஸ்.ஐ. பத்துப் பேருக்குக் குறையாத தொழிற்சாலை, மாதச் சம்பளம் 21,000-க்குள் என்றால் இது பொருந்தும். வேலைக்குப் போக முடியாத காலம் முழுவதும் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் தற்காலிக ஊன உதவி. பிறகு மருத்துவக் குழு எத்தனை சதவீதம் என்று தீர்மானிக்கிறதோ, அந்த 90 சதவீதத்தில் அத்தனை சதவீதம் ஆயுள் முழுக்க மாதாமாதம். வேறு வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாலும் இது நிற்காது. விலைவாசிக்கு ஏற்ப அவ்வப்போது உயர்த்தவும் செய்கிறார்கள். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு இத்தனை மாதம் பங்களிப்புக் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது.

"ரெண்டுல எது லாபமோ அதுல போடுங்க சார்" என்றார் அண்ணன். அப்படித் தேர்ந்தெடுக்கச் சட்டம் விடுவதில்லை. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-வது பிரிவு, காப்பீடு பெற்ற தொழிலாளி அதே காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டத்தின் கீழோ வேறு சட்டத்தின் கீழோ முதலாளியிடம் கேட்பதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 1996-ல் ட்ரெஹான் வழக்கில் இதை உறுதி செய்துவிட்டது. ஷெட்டில் பத்துப் பேர் இருந்தார்கள் என்று நிரூபணமானால் அது இ.எஸ்.ஐ. வழக்கு, இல்லையென்றால் இழப்பீட்டு வழக்கு. முடிவு செய்வது ஆள் எண்ணிக்கை, நம் விருப்பம் அல்ல.

பங்களிப்பே கட்டவில்லையே, எண்ணே விபத்துக்கு மறுநாள்தானே வாங்கினார்கள்? இதற்கும் பதில் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றம் போன பரகத் இன்ஜினியரிங் வழக்கின்படி, முதலாளி பங்களிப்புக் கட்டத் தவறியதால் மட்டும் தொழிலாளி காப்பீட்டுக்கு வெளியே போய்விட மாட்டார். சட்டத்தின் 68-வது பிரிவும், உதவியை இ.எஸ்.ஐ. கழகம் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ள வழி செய்கிறது.

ஏன் இ.எஸ்.ஐ.யை முன்னால் வைத்தோம்

குடும்பத்துக்கு மொத்தத் தொகை மேல்தான் கண். அதனால் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினோம். சம்பளத்தை 15,000 என்று வைத்துக்கொண்டால் 90 சதவீதம் 13,500. அதில் 30 சதவீதம் மாதம் 4,050, வருடத்துக்கு 48,600. இழப்பீட்டுச் சட்டத்தின் 5,56,065 ரூபாயைப் பதினொன்றரை வருடத்தில் இது எட்டிவிடும். அவருக்கு 31 வயது. சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் இந்தப் பதினொன்றரை வருடக் கணக்கு மாறாது, இரண்டு பக்கமும் சேர்ந்தேதான் நகரும்.

பணத்தைவிடப் பெரிய காரணம் அந்தக் கார்டு. இழப்பீட்டுச் சட்டத்தின் 3-வது பிரிவில் முதலாளிக்கு ஒரு தற்காப்பு இருக்கிறது: பாதுகாப்புச் சாதனம் என்று தெரிந்தே தொழிலாளி வேண்டுமென்று அதை அகற்றினால், மரணமோ நிரந்தர முழு ஊனமோ தவிர மற்ற காயங்களுக்கு இழப்பீடு இல்லை. மூன்று விரல் என்பது பகுதி ஊனம். "கார்டைக் கழற்றியது அவன்தான்" என்று ஓனர் சொன்னால் சாட்சிகளை வைத்து அதை உடைத்தாக வேண்டும். அந்தச் சாட்சிகளோ இன்னமும் அதே ஷெட்டில் வேலை பார்ப்பவர்கள். கூண்டில் ஏறி என்ன சொல்வார்கள் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இ.எஸ்.ஐ. சட்டத்தில் அந்தத் தற்காப்புக்கு இடமில்லை. 51-பி பிரிவின்படி, தொழிலாளி விதியை மீறியே நடந்திருந்தாலும், முதலாளியின் வேலைக்காகச் செய்த செயலில் அடிபட்டிருந்தால் அது பணிக் காயம்தான். வேலை நேரத்தில் நடந்த விபத்து, மாறாகச் சான்று இல்லாதவரை வேலையின் காரணமாகவே நடந்தது என்று 51-ஏ அனுமானிக்கிறது. யார் கார்டைக் கழற்றினார்கள் என்ற கேள்வியே எழாத இடத்துக்கு வழக்கைக் கொண்டுபோக முடிந்தால், அதுவே பாதி வெற்றி.

அதே சமயம் ஆள் எண்ணிக்கை பத்துக்குக் கீழ் என்று இ.எஸ்.ஐ. சொல்லிவிட்டால் என்ன செய்வது? இழப்பீட்டுச் சட்டத்தில் மனுப் போட இரண்டு வருடக் கெடு. இ.எஸ்.ஐ. முடிவுக்காகக் காத்திருந்தே அது தாண்டிவிடலாம். எனவே இரண்டையும் போடுவது என்று முடிவானது. இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் முழு ஆவணங்களோடு விண்ணப்பம், ஆணையரிடம் மாற்றாக ஒரு மனு. இ.எஸ்.ஐ. பொருந்தும் என்று முடிவானால் இந்த மனுவைத் திரும்பப் பெறுவோம் என்று மனுவிலேயே வெளிப்படையாக எழுதினோம்.

ஓனரின் எதிருரை

ஆணையரிடம் ஓனர் தாக்கல் செய்த எதிருரைதான் வழக்கின் திருப்பம். அதில் மூன்று வாதங்கள். இவர் என் தொழிலாளியே இல்லை. அப்படியே இருந்தாலும் கார்டை அவரே கழற்றினார், எல்லாத் தொகையும் பெற்றுக்கொண்டதாக எழுதியும் கொடுத்திருக்கிறார். அப்படியே இல்லையென்றாலும் இவர் இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவர், ஆகவே 53-வது பிரிவின்படி என்னிடம் கேட்க முடியாது. மூன்றையும் மாற்று வாதங்களாக ஒரே எதிருரையில் சொல்லத் தடை ஏதும் இல்லை, வக்கீல்கள் வழக்கமாகச் செய்வதுதான்.

முத்திரைத்தாளும் அப்போதுதான் வெளியே வந்தது. இழப்பீட்டுச் சட்டத்தின் 17-வது பிரிவு, இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தத்தையும் செல்லாது என்கிறது. அதோடு தாளில் இருந்த இடது பெருவிரல் ரேகையே கேள்வியைக் கிளப்பியது: படிக்கத் தெரிந்த, கையெழுத்துப் போடும் ஒருவரிடம் ரேகை வாங்கியது ஏன்? கட்டுப் பிரிப்பதற்கு முன்பே, மருத்துவமனைத் தொடர் சிகிச்சை நடக்கும்போதே வாங்கியது என்பதற்குத் தேதியே சாட்சி.

மூன்றாவது வாதம்தான் எங்களுக்குக் கிடைத்த பரிசு. பல மாதமாக இ.எஸ்.ஐ. கிளையில் விண்ணப்பம் நகரவில்லை. எண் விபத்துக்குப் பிறகு உருவானது, விபத்துப் பதிவேட்டில் வீடு என்றிருக்கிறது, முதலாளியின் விபத்து அறிக்கை இல்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பு. கிளையின் சந்தேகம் அநியாயமானதும் அல்ல. எங்கோ அடிபட்டவரை மறுநாள் காப்பீட்டில் நுழைப்பதும் நடக்கத்தான் செய்கிறது. இப்போது முதலாளியே ஆணையர் முன்னால் சத்தியப் பிரமாணமாக "இவர் காப்பீடு பெற்றவர்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த எதிருரையின் சான்றிட்ட நகலை எடுத்து இ.எஸ்.ஐ. கிளைக்குக் கொடுத்தோம். கூடவே அறுவை சிகிச்சைக் குறிப்பு, மகஜர், ஜிபே பட்டியல், 13 பெயர்ப் பலகையின் படம்.

இ.எஸ்.ஐ.யின் சமூகப் பாதுகாப்பு அலுவலர் ஷெட்டுக்கு ஆய்வுக்குப் போனார். ஒரே மின் இணைப்பையும் பொது மெஷின்களையும் பார்த்து, இரண்டு பெயர்களையும் ஒரே நிறுவனமாகச் சேர்த்து அறிக்கை கொடுத்தார்.

முடிவு வந்த விதம்

2023 இறுதியில் பணிக் காயம் என்று இ.எஸ்.ஐ. ஏற்றது. சம்பளம் மட்டும் நாங்கள் கேட்ட 17,500 அல்ல, 15,000 என்று எடுத்துக்கொண்டார்கள். ஓனர் போட்ட 9,000-ஐ விட்டிருந்தால் 30 சதவீதத்துக்கு மாதம் 2,430 ரூபாய்தான் வந்திருக்கும். இன்னும் 2,500-க்காகச் சம்பளப் பிரச்சினையைத் தனியாக இழுப்பதில்லை என்று தொழிலாளியே சொன்னார். ஆவணமில்லாத ரொக்கச் சம்பளத்தில் அந்த முடிவு சரியென்றே எங்களுக்கும் பட்டது. ஏழு மாதத் தற்காலிக உதவி நிலுவையாக வந்தது, தொண்ணூறாயிரத்துக்குச் சற்று மேல். முதலில் நகையை மீட்டார்கள். வெட்டுப்பட்ட இடத்தில் நரம்பு முடிச்சாகி வலித்துக்கொண்டிருந்ததற்கு இ.எஸ்.ஐ. மூலமே இரண்டாவது அறுவை சிகிச்சையும் நடந்தது. ஆணையரிடம் இருந்த மனுவைத் திரும்பப் பெற்றோம்.

அடுத்தது மருத்துவக் குழு. விரல் எண்ணிக்கையைப் பார்த்து, அட்டவணைப்படி 30 சதவீதம் என்று எழுதிவிட்டது. பெருவிரலை அது கணக்கில் எடுக்கவில்லை. பெருவிரல் பார்வைக்கு முழுசாக இருந்தது, ஆனால் அடியில் இருந்த தழும்பு இழுத்ததால் சுண்டுவிரலைத் தொட அதனால் முடியாது. மீதியிருக்கும் இரண்டு விரலும் ஒன்றையொன்று தொடாத கையில் ஸ்பானர் நிற்காது, சட்டைப் பொத்தான் மாட்டாது. பேனாவை ஆள்காட்டி விரல் இருந்த இடத்துக்கும் பெருவிரலுக்கும் நடுவே செருகிப் பார்த்துவிட்டு, அவர் இடது கைக்கு மாறிவிட்டார்.

இ.எஸ்.ஐ. சட்டத்தின் 54-ஏ பிரிவின் கீழ் நேரடியாகத் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தோம். நீதிமன்றம் அரசு மருத்துவக் கல்லூரியின் கை அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பியது. அங்கே பெருவிரல் எவ்வளவு மடங்குகிறது, பிடிமானம் எவ்வளவு என்று கருவி வைத்து அளந்தார்கள். 2025-ல் சதவீதம் 40 ஆக உயர்ந்தது. மாதம் 5,400 ரூபாய், முன்தேதியிட்டு.

ஒரு ஏமாற்றமும் உண்டு. இ.எஸ்.ஐ. 40 சொன்னதால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையிலும் 40 வரும் என்று குடும்பம் நம்பியது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வேலை இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு 40 சதவீதம் வாசல்படி. ஆனால் அந்தச் சான்று அளப்பது உடலின் குறைபாட்டை, இ.எஸ்.ஐ. அளப்பது சம்பாதிக்கும் திறனின் இழப்பை. அளவுகோல் வேறு என்பதால் சான்றில் 40-க்குக் கீழேயே வந்தது. அட்டை கிடைத்தது, ஒதுக்கீடு கிடைக்கவில்லை.

பழைய ஷெட்டில் அவரைத் திரும்ப எடுக்கவில்லை. தற்காலிக ஊன உதவி பெறும் காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-வது பிரிவு சொன்னது. அதை வைத்துப் போராடலாம் என்றோம். அந்த மெஷின் பக்கமே இனிப் போவதில்லை என்றார், விட்டுவிட்டோம். இப்போது வேறொரு கம்பெனியில் உதிரிகளைக் கேஜ் என்னும் அளவுக் கருவி வைத்துச் சரிபார்க்கும் வேலை, மாதம் 12,000. இங்கே முதல் மாதத்திலிருந்தே இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள்.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

விபத்துப் பதிவேட்டு நகலை முதல் வாரத்திலேயே வாங்கிப் பார்க்கச் சொல்கிறோம். தப்பாக எழுதியிருந்தால் நோயாளியோ மனைவியோ மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம் அனுப்பினால் போதும். மாற்றி எழுதித் தரமாட்டார்கள், ஆனால் விபத்து நடந்த சில நாளிலேயே மறுத்திருக்கிறார் என்பதற்கு ஆதாரம் நிற்கும். இந்த வழக்கில் அந்த ஒரு கடிதம் இருந்திருந்தால் இ.எஸ்.ஐ. கிளையில் பல மாதம் மிச்சமாகியிருக்கும்.

முதலாளி விபத்து அறிக்கை அனுப்புவார் என்று காத்திருக்கத் தேவையில்லை. தொழிலாளி தரப்பே கிளைக்கு எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புகை வாங்கலாம். ஓனர் பணம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. "சிகிச்சைச் செலவுக்காகப் பெற்றது" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், முத்திரைத்தாளில் அல்ல. எழுத முடியாத நிலையில் இருந்தால், எழுதும் நிலை வரட்டும் என்று சொல்லிவிடலாம்.

மருத்துவக் குழுவுக்குப் போகும்போதே கையின் செயல்பாட்டு அறிக்கையைக் கொண்டுபோவது இப்போது எங்கள் வழக்கமாகிவிட்டது. குழுவுக்கு ஒரு நாளில் பார்க்க நிறையப் பேர் இருப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் விரல் எண்ணிக்கையோடு அவர்கள் நின்றுவிடுவது இயல்பு. மடங்காத பெருவிரலைக் காகிதம்தான் அவர்களுக்குக் காட்ட வேண்டும். மேல்முறையீட்டில் வாங்கிய அந்தப் பத்து சதவீதம், ஆயுள் முழுக்க மாதம் 1,350 ரூபாய்.

செலவுக்குப் பயந்து ஒதுங்குகிறவர்களுக்கு ஒன்று. 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-வது பிரிவின்படி தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் மாற்றுத்திறனாளிக்கும் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், உதவி எண் 15100.

இந்த வழக்கு முழுக்கப் பழைய சட்டங்களின் கீழ் நடந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்து 1923, 1948 சட்டங்கள் இரண்டையும் தன்னுள் எடுத்துக்கொண்டது. இன்று புதிதாக மனு எழுதுகிறவர்கள் மேலே உள்ள பிரிவு எண்களை அப்படியே போடாமல் தொகுப்பில் பார்த்து எடுக்க வேண்டும். ஓனர் மீதான குற்ற வழக்கு நடுவர் மன்றத்தில் இன்னும் நிலுவையில் இருக்கிறது, சாட்சி விசாரணை தொடங்கவில்லை.